கோட்டுக்கு மேல் ஒரு சாண் சேறு

மகனே,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும் என்று எழுதித்தான் இதுவரை உனக்கு எல்லாக் கடிதங்களையும் தொடங்கியிருக்கிறேன். இன்று அப்படித் தொடங்கக் கை வரவில்லை. உடம்பு சுகம்தான். உன் ஆத்தாவும் சுகம், சினை மாடும் சுகம். எனக்குத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் வாத்தியார் புத்தியில் சிவப்பு மையைத் தொடாமல் பொறுமையாகப் படி. உன் வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டு. உறையை ஒட்டாமல்தான் கொடுத்துவிடப்போகிறேன். வழியில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும்.

போன சந்தையன்று மல்லி மூட்டையோடு தேனிக்கு வந்திருந்தேன். யுத்தத்துக்கென்று போடி ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து கரிப்புகையில் ஓடுகிற பஸ்தான் கதி என்று உனக்குத் தெரியும். நாங்கள் இறங்கித் தள்ளுவதும் ஏறுவதுமாக அது வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு உன் வீட்டுக்கு வரலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உன் தலைமையாசிரியர் எதிரே வந்துவிட்டார். உன் கல்யாணத்தில் பார்த்த முகம், மறக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், என்னைப் போன்றவனையும் கை கூப்பித்தான் பேசுகிறார். “உங்க மகன் மாதிரி ஒரு வாத்தியார் எனக்குக் கிடைச்சதில்லைங்க. எங்க பள்ளிக்கூடத்துல சாரணர் படை ஆரம்பிக்கிறோம். முடிச்சுப் போடறது, காயத்துக்குக் கட்டுப் போடறது, திசை பார்க்கிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. பசங்களும் அவர் பின்னாடிதான் சுத்துறாங்க. நீங்கதான் எடுத்து நடத்தணும்னா மாட்டேங்கிறார்” என்றார். ஏனாம் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “சாரணன்னா வாக்குத் தவறாதவன், நான் பதிமூணு வயசுல மூணு விரலத் தூக்கிக்கிட்டுப் பொய் சொன்னவன், அந்த உறுதிமொழியப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க எனக்குத் தகுதி இல்லைன்னு சொல்றார். அப்படி என்ன பொய்ங்க அது?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியலீங்க” என்றேன்.

பார்த்தாயா, அந்தப் பொய்யை உன் வாயில் திணித்தவன் நான். பன்னிரண்டு வருஷம் கழித்து, நடுச் சந்தையில், அதை மூட இன்னொரு பொய் சொல்கிறேன். எனக்கு நாக்கு கூசவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கூசியது. உன் வீட்டுப் படியை மிதிக்க அன்று எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால்தான் வரவில்லை.

நீ முதன்முதலில் அந்தக் காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. தேவாரம் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் சாரணர் படை என்று ஏதோ சேர்த்திருக்கிறாராம், அதில் நீயும் சேர்ந்துவிட்டாயாம். தொடை தெரிகிற கால்சட்டை, கழுத்தில் முக்கோணமாய் மடித்த மஞ்சள் துணி, கையில் உன் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கோல். “என்னடா இது, போலீஸ்காரன் பெத்த பிள்ளை மாதிரி” என்று நான் சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடு திரும்பிப் பார்த்தது. உன் முகம் சுண்டிப்போயிற்று. நான் விடவில்லை, வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அதுதான் என் குணம். எனக்குப் புரியாத எதையும் நான் முதலில் கேலி செய்வேன், அதற்கும் மசியவில்லை என்றால் கோபப்படுவேன். உனக்கும் அந்தக் குணத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்.

அன்றைக்குச் சிரிக்காத ஒரே ஆள் வீரணன். அடுத்த வயற்காரன், எனக்குப் பங்காளி முறை, உனக்குச் சித்தப்பா. சாரணர்கள் இடது கையைத்தான் கொடுத்துக்கொள்வார்கள் என்று நீ அவனிடம் இடது கையை நீட்டினாய். எனக்குப் பகீரென்றது. சோற்றுக் கையை விட்டுவிட்டு இடது கையை நீட்டினால் வேறு எவனாவது இருந்தால் அறைந்திருப்பான். “ஏலே, கைய மடக்குடா” என்று கத்தினேன். வீரணன் தன் கையில் இருந்த மண்வெட்டியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு உன் கையைப் பிடித்தான். “எதுக்குடா இந்தக் கை?” என்று கேட்டான். கேடயம் பிடிக்கிற கை இது, கேடயத்தைக் கீழே போட்டுவிட்டுத்தான் இந்தக் கையைக் கொடுக்க முடியும், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம் என்று டிரில் வாத்தியார் சொன்னதை நீ ஒப்பித்தாய். “அப்படியா, நல்லாருக்கே” என்றான் அவன். அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. வரப்பில் எதிரே பார்த்தால் இடது கை, களத்தில் பார்த்தால் இடது கை. எனக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். என் பிள்ளை என்னிடம் கையை நீட்டவில்லையே என்று நினைத்தேனே தவிர, நான் சிரித்த சிரிப்புக்குப் பிறகு நீ எப்படி நீட்டுவாய் என்று நினைக்கவில்லை.

கழுத்துத் துணியின் நுனியில் காலையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாய். யாருக்காவது ஓர் உதவி செய்த பிறகுதான் அதை அவிழ்ப்பாய். அந்த முடிச்சு அவிழ்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். வீரணன் பெண்சாதிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுப்பாய், அவன் சின்ன மகள் பேச்சியைத் தோளில் உட்கார வைத்து ஓடையைக் கடத்திவிடுவாய். “நம்ம மாட்டுக்குத் தண்ணி காட்ட நாதியில்ல, ஊரான் வீட்டுக்குக் குடம் தூக்குறான்” என்று நான் வைவேன். நம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது கடமை, அதற்கெல்லாம் முடிச்சு அவிழாது என்று நீ சொன்னதை உன் ஆத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

இப்போது அந்த வருஷத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. மலையிலிருந்து வருகிற ஓடையில் கணுக்கால் தண்ணீர். மேல்மடையிலிருந்து ஒவ்வொருவருக்கும் இத்தனை பொழுது என்று முறை வைத்தார்கள். அதுவரைக்கும் பொழுதை அளப்பது அடிநிழலில்தான். அவனவன் நிழலை அவனவன் காலடியால் அளந்து, பத்தடி ஆச்சு, இன்னும் ஆகவில்லை என்று தினமும் வாய்க்காலில் வெட்டுக்குத்து. நீதான் போய்ப் பெரியவர்கள் நடுவில் நின்று சொன்னாய். சாரணர் கோலில் அடிக்கு ஒரு கோடு சுட்டிருக்கிறேன், முதல் கோடு வரைக்கும் மண்ணில் ஊன்றினால் தினமும் ஒரே உயரம்தான் நிற்கும், நிழல் நுனி வந்து தொட வேண்டிய இடத்தில் கல்லைப் பதித்துவிட்டால் யாரும் சண்டை போட வேண்டாம் என்றாய். ஊரில் மூத்தவர் ஒருவர், “பய சொல்றது நல்ல ரோசனையால்ல இருக்கு. கோலுக்குக் கோபம் வராது, தாகம் வராது” என்றார். உனக்கு அரைப் பரீட்சை லீவு. காலையில் வாய்க்கால் பிரியும் இடத்தில் கோலை ஊன்றிவிட்டு, உடுப்போடு அங்கனயே காவல் நிற்பாய். ஒரு வாரம் ஒரு சச்சரவு இல்லை. எல்லோரும் என்னிடம் வந்து உன்னைப் புகழ்ந்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

என் முறை உச்சிப்பொழுதிலிருந்து கல்லை நிழல் தொடும் வரை. அதற்கு அடுத்து வீரணன் முறை, கல்லைத் தொட்டதிலிருந்து வெயில் மலைக்குப் பின்னால் மறையும் வரை. மறைந்ததும் தண்ணீர் கீழூருக்குப் போய்விடும், அது தாத்தன் காலத்து ஏற்பாடு. ஆக, நான் எவ்வளவு பொழுது கூட எடுக்கிறேனோ அவ்வளவும் வீரணனுக்குத்தான் குறையும். மலை யாருக்காகவும் காத்திருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். நெல் பால் பிடிக்கிற நேரம். பயந்தேன் என்று சொல்லலாம், முந்தின வருஷமும் விளைச்சல் இல்லை, விதைநெல்லைக் குத்தித் தின்றவர்கள் நாம். ஆனால் பயம் மட்டுமில்லை. அதே வாய்க்கால், அதே விதை, அவன் பயிர் மட்டும் என்னுடையதைவிட ஒரு விரற்கடை உயரமாய்க் கருகருவென்று நின்றது. அதைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி கெட்டுவிட்டது.

நீ கஞ்சி குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கோலின் தலையைப் பிடித்து என் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். ஈர மண், ஒரு சாண் இறங்கிவிட்டது. கோல் குட்டையானால் நிழலும் குட்டை, கல்லைத் தொட முக்கால் நாழிகை கூடப் பிடிக்கும். நீ வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாய். கோலைப் பார்த்தாய். “அப்பா, முதக்கோடு தெரியல” என்றாய். “ஈர மண்ணு, தானா எறங்கியிருக்கும். நாளைக்குச் சரி பண்ணிக்க” என்றேன். மறுநாள் காலையில் நீ சரியாக ஊன்றினாய், உச்சிக்கு நான் அழுத்தினேன். நீ பார்த்தாய். இப்படி ஒன்பது நாள். நடுவில் நீ கஞ்சி குடிக்கப் போகிற நேரத்தை நீயே தள்ளிப் போட்டுப் பார்த்தாய், அங்கிருந்து நகராமல் நின்று பார்த்தாய். “ஏலே, அங்கன போயி மாட்டப் பாரு” என்று உன்னை விரட்டிவிட்டு அழுத்தினேன். கோலைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளையை விரட்டியவன் நான், மகனே. மறந்திருப்பாய் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் வீரணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன் வயலின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவே இல்லை, கோலில் ஏதோ கோளாறு என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் எல்லோரும் மேல்மடையில் கூடுவதாகப் பேச்சு. விடிந்ததும் உன்னைத் தொழுவத்துக்குள் கூப்பிட்டேன். நீ உடுப்புப் போட்டு, முடிச்சும் போட்டிருந்தாய். நான் சொன்னது இதுதான். “கோல் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லணும். உன் வாக்குப் பெருசா, அப்பன் மானம் பெருசா?” என்று கேட்டேன். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த உன் ஆத்தா, “பிள்ளைகிட்ட கேக்குற கேள்வியா இது? அவன விடுங்க” என்றாள். “நீ வாய மூடிட்டு உன் சோலியப் பாரு” என்று அவளையும் அடக்கினேன்.

மேல்மடையில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்க வேண்டும். மூத்தவர் என்னைக் கேட்டார், நான் தலையை ஆட்டி மறுத்தேன். வீரணனைக் கேட்டார். அவன், “அண்ணன் சொல்றதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம். கோலு பயலோடது. அவன் சாரணன்ல, பொய் சொல்ல மாட்டான். அவன் சொன்னா நான் ஏத்துக்கிறேன்” என்றான். இத்தனை பேரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் கண்ணை எடுக்கவில்லை. நீ மூன்று விரலைத் தூக்கி, “கோலு சரியாத்தான் இருந்துச்சு” என்றாய். வீரணன் கொஞ்ச நேரம் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுருங்கண்ணே” என்று கும்பிட்டான். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால், பெரிய மனிதன் மாதிரி, “பரவால்ல விடு” என்று வேறு சொன்னேன்.

அன்று நீ உடுப்பைக் கழற்றியவன்தான். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டிரில் வாத்தியாரிடம் போய்ச் சட்டையில் குத்தியிருந்த சின்னத்தைக் கொடுத்துவிட்டு வந்தாய். அவர் நம் வீடு தேடி வந்து, “ஏன் விட்டான்னு சொல்ல மாட்டேங்கிறான், நல்ல பையன், நீங்க எடுத்துச் சொல்லுங்க” என்று கேட்டார். “வயல் வேலைக்கு ஆள் வேணும் சார்” என்றேன். உள்ளுக்குள்ளே சந்தோஷம்கூடப் பட்டேன், காக்கிப் பைத்தியம் தெளிந்ததே என்று. அந்த மஞ்சள் துணியை நீ முடிச்சை அவிழ்க்காமலே மடித்து வைத்தாய். கோலைத் தொழுவத்து மூலையில் போட்டாய். நான் அதை எடுத்துத் தொழுவ வாசலில் மாடு வெளியே போகாமல் குறுக்கே போடுகிற உழலையாக்கிக்கொண்டேன். நல்ல முற்றின மூங்கில், வீணாய்ப் போகக் கூடாது என்று. இந்தப் பன்னிரண்டு வருஷமாகச் சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு அதை இழுத்துப் போடும்போதெல்லாம் நீ சுட்ட கோடு என் உள்ளங்கையில் தட்டுப்படும். மூங்கில் வழவழவென்று தேய்ந்துவிட்டது. கோடு தேயவில்லை.

என் வயல் அந்த வருஷம் விளைந்தது. வீரணன் வயலில் கடைசி மூன்று பாத்தியும் பதர். மாசியில் அவன் தன் பெண்சாதியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்று நம் வாசலில் வந்து உன்னைக் கேட்டான். நீ குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய், எனக்குத் தெரியும். “பய இல்ல” என்று நான் சொன்னேன். அடுத்த மழைக்காலத்தில் மலைக் காய்ச்சல் வந்து பேச்சி அங்கேயே செத்துப்போன சேதி வந்தது. நீ அன்றைக்கு ஓடைக் கரைக்குப் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்கும் வராமல் உட்கார்ந்திருந்தாய். நான் கூப்பிட வந்தேன். “நானாப்பா?” என்று ஒரே வார்த்தை கேட்டாய். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும், நீ இல்லையடா, நான் என்று. “காய்ச்சலுக்கு யாரு என்ன பண்ண முடியும், எந்திரி” என்று சொன்னேன். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ நன்றாகப் படித்தாய், வாத்தியார் ஆனாய், வாரம் தவறாமல் கடுதாசி போடுகிறாய், ஒரு குறையும் வைக்கவில்லை. உன் கையை மட்டும் நான் பிடித்ததே இல்லை.

வீரணன் போன மாசியில் திரும்பி வந்துவிட்டான். தரிசாய்க் கிடந்த தன் நிலத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறான். நான் அவனைப் பார்த்தால் வேறு வரப்பில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். சந்தையிலிருந்து வந்த மறுநாள் காலையில் நேரே அவன் வயலுக்குப் போனேன். கல் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். “வாங்கண்ணே” என்றான். நானும் குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்தேன். இரண்டு கூடை நிறைந்தது. மூன்றாவது கூடையில்தான் வாய் வந்தது. “வீரணா, அன்னைக்குக் கோல அழுத்துனது நான்தான். ஒம்பது நாளும். பயலப் பொய் சொல்ல வச்சதும் நான்தான்” என்றேன்.

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. “தெரியும்” என்றான்.

“தெரியுமா?”

“கூட்டத்துக்கு முந்தின நாளு, வெயில் மறஞ்சதும் பய கோலப் பிடுங்கி வரப்புல சாத்திட்டுப் போயிட்டான். நான் பாத்தேன். சேறு கோட்டுக்கு மேல ஒரு சாண் ஏறியிருந்துச்சு. எனக்கென்ன கண்ணு பொட்டையா?”

“பின்ன ஏன்யா கூட்டத்துல அத எடுத்துக் காட்டல?”

அவன் கையிலிருந்த கல்லைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தான். “பய நெசத்தச் சொல்லிருவான்னு நெனச்சேன். அவன் வெரலத் தூக்குனான் பாரு, கை அப்பிடி நடுங்குச்சு. அவன் சொன்னா ஏத்துக்கிறேன்னு நான் சொல்லிட்டேன். அதுக்கப்பறம் சேத்தக் காட்டுனா உன்ன மட்டுமா காட்டிக்குடுக்குறேன்? அத்தன பேரு முன்னால அந்தப் பிள்ளையப் பொய்யன்னு நான்தான் சொல்லணும். என்னால முடியல.” அதுவரைக்கும் என்னை ‘நீங்க’ என்று சொல்லிவந்தவன், அன்றைக்குத்தான் ‘நீ’ என்றான். நான் அவன் காலில் விழப்போனேன். நகர்ந்துகொண்டான். “விழாத. உன் மேல கோவம் இருக்கு. அங்கன மழையில அட்டை கடிக்க நிக்கயில எல்லாம் இருந்துச்சு. பேச்சியப் பொதைக்கயில இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அத என்ன பண்றதுன்னு நான்தான் பாத்துக்கணும், நீ ஒண்ணும் கேக்காத” என்றான். நான் கேட்கவில்லை. கல்லைத்தான் பொறுக்கினேன்.

கொஞ்சம் பொறுத்து அவனே, “பய எப்பிடி இருக்கான்?” என்றான். சந்தையில் கேட்டதைச் சொன்னேன். சாரணர் படையை நடத்தக் கூப்பிட்டார்கள், தகுதியில்லை என்று மறுத்துவிட்டான் என்று. அதுவரை இறுகியிருந்த அவன் முகம் அப்போதுதான் உடைந்தது. “ஐயையோ, இத்தன வருசமாவா சொமந்துக்கிட்டிருக்கான்? நான் அவன் மேல ஒரு நாளும் வருத்தப்படலையே. போற அன்னைக்கு அதச் சொல்லத்தான வந்தேன், நீ இல்லைன்னுட்ட” என்றான். அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன், மகனே. அவன் சொல்லவந்த ஒரு வார்த்தை பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே உன் காதில் விழுந்திருக்கும். அதையும் வாசலில் நின்று தடுத்தவன் நான்தான்.

நேற்று மேல்மடையில் வாய்க்கால்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, நடந்ததை என் வாயால் சொன்னேன். மூத்தவர் இப்போது இல்லை, அவர் மகன் இருந்தார். ஒருத்தர் காறித் துப்பினார். ஒருத்தர், “பன்னெண்டு வருசம் கழிச்சு இப்ப என்னத்துக்கு இத நோண்டுறீக?” என்றார். என் பிள்ளை வாக்குத் தவறியவன் இல்லை, நான் தவற வைத்தேன், அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். இனி என் முறையில் ஒரு நாழிகை வீரணனுக்கு என்றும் சொன்னேன். அவன் வேண்டாம் என்று மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன், சொல்லித்தான் தீர வேண்டும். உனக்கு ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது. அதனிடம் உன் மானத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்காதே, அது உன் வேலை. அதன் எதிரே ஒரு தப்பைச் செய்துவிட்டால் அன்றைக்கே ஒத்துக்கொள், என்னைப் போல மூங்கிலைத் தடவிக்கொண்டு காலம் தள்ளாதே. அந்தப் படையை நீ எடுத்து நடத்து. பொய் சொல்லாத வாத்தியார் வேண்டுமென்றால் எங்கேயாவது கிடைப்பார். ஒரு பொய்யைப் பன்னிரண்டு வருஷம் பொறுக்க முடியாதவன்தான் பிள்ளைகளிடம் வாக்கைப் பற்றிப் பேச வேண்டும். இதை நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், நம்பவும் வேண்டாம். தலைமையாசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, அவரே தீர்மானிக்கட்டும். அவரிடம் நான் சொன்ன பொய்க்கும் இதுதான் பதில்.

கோலைத் தொழுவத்திலிருந்து எடுத்துக் கழுவினேன். மாட்டுக்கு வேறு உழலை வெட்டிப் போட்டுவிட்டேன். உன் ஆத்தா டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த மஞ்சள் துணியை எடுத்துக் கோலின் தலையில் கட்டியிருக்கிறாள். முடிச்சை அவள் தொடவில்லை, அதை அவிழ்க்க வேண்டியவன் நீ. இந்தக் கடிதத்தை முன்கூட்டியே பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். கோலை நானே கொண்டு வருவதாகத்தான் இருந்தேன். வீரணன் விடவில்லை. “நீ வந்தா பய உன் மூஞ்சியத்தான் பாப்பான். நான் போறேன்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறான். பஸ் நிற்கிற இடத்துக்கு நீயே வா, ஆளை அனுப்பாதே. தலை நரைத்துவிட்டது, ஒரு கால் சற்று இழுக்கும், அடையாளம் தெரியாமல் போய்விடப் போகிறது. கோலை வலது கையில் பிடித்துத்தான் இறங்குவேன் என்று சொல்லியிருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் இடது கையை நீட்டும்போது, மகனே, இந்தத் தடவை யாரும் உன்னை மடக்கச் சொல்லமாட்டார்கள்.

உன் அப்பன்